மோல் கணக்கைப் புரிந்து போடும் முறை

பதினோராம் வகுப்பு வேதியியலின் முதல் பாடத்திலேயே மாணவர்களைத் திணறவைக்கும் மோல் கணக்கில் உண்மையில் இருப்பது பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே. நடுநிலைப் பள்ளி மாணவர்கூடப் போட்டுவிடக்கூடிய அந்தக் கணக்கு கடினமாகத் தோன்றுவதற்குக் காரணம், எதை எதனால் வகுக்கிறோம், ஏன் வகுக்கிறோம் என்பது தெளிவாகாமலேயே வாய்பாடுகளை மனப்பாடம் செய்துவிடுவதுதான். மாலை வகுப்பில் பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்து வரும் எனக்கு, ஒரே பிழை ஆண்டுதோறும் வெவ்வேறு கையெழுத்தில் வந்து சேர்கிறது.

2 மோல் ஹைட்ரஜனும் 1 மோல் ஆக்சிஜனும் சேர்ந்து 2 மோல் நீரைத் தரும் என்ற சமன்பாட்டைக் கொடுத்து, 4 கிராம் ஹைட்ரஜன் முழுமையாக எரிய எத்தனை கிராம் ஆக்சிஜன் வேண்டும் என்று கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் "2-க்கு 1 என்றால் 4-க்கு 2, ஆகவே 2 கிராம்" என்று எழுதுகிறார்கள். சரியான விடை 32 கிராம். விகிதம் போடும் முறையில் அவர்கள் தவறவில்லை. எண்ணிக்கைக்கு உரிய விகிதத்தை எடைக்குப் போட்டுவிட்டார்கள். சமன்பாட்டில் பொருள்களுக்கு முன்னால் நிற்கும் எண்கள் எத்தனை மூலக்கூறுகள் என்பதைச் சொல்கின்றன. அந்த மூலக்கூறுகள் எவ்வளவு கனம் என்பதைப் பற்றி அவை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரியை எழுதி வைக்கச் சொல்வது என் வழக்கம்: கிராம் சமன்பாட்டின் அம்புக்குறியைத் தாண்டாது, மோல் மட்டுமே தாண்டும். இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் அந்த ஒரு வரியின் விரிவுதான்.

எடை போட்டு எண்ணுதல்

ஒரு மூட்டை நெல்லில் எத்தனை மணிகள் இருக்கின்றன என்று யாரும் உட்கார்ந்து எண்ணுவதில்லை. வேளாண்மைத் துறையினர் ஆயிரம் மணி எடை என்று ஓர் அளவை வைத்திருக்கிறார்கள். ஒரு ரகத்தின் ஆயிரம் மணிகள் 20 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவில் ஐம்பதாயிரம் மணிகள் இருப்பது கணக்கிலேயே தெரிந்துவிடும். இன்னொரு ரகத்தின் ஆயிரம் மணி எடை 25 கிராம் என்றால், அதன் ஒரு கிலோவில் நாற்பதாயிரம் மணிகளே இருக்கும். எடை ஒன்றாக இருந்தும் எண்ணிக்கை மாறுகிறது. அணுக்களின் கதையும் இதுவேதான். அங்கே மணிகள், அதாவது அணுக்கள், மிக மிகச் சிறியவை என்பதால், ஆயிரத்துக்குப் பதிலாக வேறொரு பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த எண்தான் மோல். வெற்றிலைக்குக் கவுளி, வாழைப்பழத்துக்கு டஜன் என்பதுபோல, துகள்களுக்கு மோல் ஓர் எண்ணிக்கைப் பெயர். கவுளிக்கு எத்தனை வெற்றிலை என்பது ஊருக்கு ஊர் மாறலாம், மோல் மாறாது. 2019 மே 20 முதல் நடைமுறையில் உள்ள வரையறைப்படி, ஒரு மோல் என்பது துல்லியமாக 6.02214076 × 10²³ துகள்கள். அதற்கு முன்பு, 12 கிராம் கார்பன்-12-இல் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனை என்று வரையறுத்திருந்தார்கள். கணக்குகளுக்கு 6.022 × 10²³ போதும். இந்த எண்ணுக்கு இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோவின் பெயர் இருந்தாலும், இதைக் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமன் வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-இல் சொன்னவர் அவர். அந்த எண்ணைச் சோதனைகள் மூலம் மதிப்பிட்டு, 1909-இல் அவர் பெயரைச் சூட்டியவர் பிரான்சின் ழான் பெரன்.

இந்த எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, அதன் பயன் எங்கே இருக்கிறது என்பதைக் காண்பது முக்கியம். ஒரு கார்பன் அணுவின் நிறை 12 அணு நிறை அலகு என்றால், ஒரு மோல் கார்பனின் நிறை 12 கிராம். ஒரு நீர் மூலக்கூறு 18 அலகு என்றால், ஒரு மோல் நீர் 18 கிராம். அணு நிறை அட்டவணையில் உள்ள எண்ணுக்குப் பின்னால் கிராம் என்று எழுதினால் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, கிடைத்துவிடும்படி இந்த எண்ணிக்கை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. 18 கிராம் நீர் என்பது மூன்றரைத் தேக்கரண்டிதான். அதை ஒருமுறை அளந்து ஒரு குவளையில் ஊற்றிப் பார்த்துவிட்டால், மோல் என்பது புத்தகத்துக்குள் மட்டும் இருக்கும் பொருள் என்ற எண்ணம் போய்விடும்.

இலங்கைப் பாடநூல்களில் இதை மூல் என்றும், நிறையைத் திணிவு என்றும், வேதிவினைக்கூறு விகிதத்தை, அதாவது வினையில் பொருள்கள் சேரும் அளவு விகிதத்தைப் பீசமானம் என்றும் எழுதுவார்கள். இணையத்தில் தமிழ்க் குறிப்புகளைத் தேடுபவர்கள் இரு வழக்குகளையும் தெரிந்துவைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

மோலார் நிறையில் சறுக்கும் இடங்கள்

மோலார் நிறையைக் கூட்டி எடுப்பது எளிது என்று நினைத்து வேகமாகக் கடப்பவர்கள் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். முதலாவது அடைப்புக்குறி. கால்சியம் ஹைட்ராக்சைடில் ஒரு கால்சியமும் இரண்டு ஹைட்ராக்சைடு தொகுதிகளும் உள்ளன. ஆகவே 40 உடன் 17-ஐ இருமுறை கூட்டி 74 என்று எழுத வேண்டும். அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 2-ஐக் கவனிக்காதவர்கள் 57 என்றும், அதை ஹைட்ரஜனுக்கு மட்டும் கொடுப்பவர்கள் 58 என்றும் எழுதுகிறார்கள்.

இரண்டாவது, படிக நீர். மயில்துத்தம் என்று நாம் சொல்லும் நீல நிறக் காப்பர் சல்பேட்டின் வாய்பாட்டில் நடுவே ஒரு புள்ளி இருக்கும். அது பெருக்கல் குறி அன்று. ஒரு காப்பர் சல்பேட்டுடன் ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கின்றன என்பதே அதன் பொருள். ஆகவே 159.5 உடன் 90-ஐக் கூட்டினால் 249.5 கிடைக்கும். கடையில் வாங்கும் நீலப் படிகத்தின் எடையில் ஏறத்தாழ 36 சதவீதம் வெறும் தண்ணீர் என்பது இந்தக் கூட்டலிலேயே தெரிந்துவிடுகிறது.

மூன்றாவதுதான் மிகவும் நயமாக ஏமாற்றுவது. "1 மோல் ஆக்சிஜன்" என்று கேள்வியில் இருந்தால், அது அணுவா மூலக்கூறா? அணு என்றால் 16 கிராம், மூலக்கூறு என்றால் 32 கிராம். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஏழும் தனிமங்களாக இருக்கும்போது ஈரணு மூலக்கூறுகளாகவே இருக்கும் என்பதால், வாயு என்று சொன்னால் மூலக்கூறு என்றே கொள்ள வேண்டும். கேள்வியில் எந்தத் துகள் என்பதை அடிக்கோடிட்டுவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம்.

சுண்ணாம்புக் காளவாயில் ஒரு கணக்கு

வேதிச் சமன்பாட்டைக் குறியீடுகளில் எழுதுவதற்கு முன், அதை வார்த்தைகளில் உரக்கச் சொல்லிப் பழகுமாறு நான் வற்புறுத்துவேன். கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலைக் காளவாயில் இட்டுச் சுடும்போது நடப்பது இது:

1 மோல் கால்சியம் கார்பனேட் → 1 மோல் கால்சியம் ஆக்சைடு + 1 மோல் கார்பன் டை ஆக்சைடு

25 கிலோ தூய கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் எவ்வளவு சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும்? கணக்கு மூன்று அடிகளில் முடியும். முதல் அடியில் கொடுக்கப்பட்ட கிராமை மோலாக மாற்ற வேண்டும்: கால்சியம் கார்பனேட்டின் மோலார் நிறை 40 + 12 + 48 = 100 ஆகையால், 25,000-ஐ 100-ஆல் வகுத்து 250 மோல். இரண்டாம் அடியில் அம்புக்குறியைத் தாண்ட வேண்டும்: விகிதம் 1-க்கு 1 ஆகையால், கால்சியம் ஆக்சைடும் 250 மோல். மூன்றாம் அடியில் மறுபடியும் கிராமுக்குத் திரும்ப வேண்டும்: 250 × 56 = 14,000 கிராம், அதாவது 14 கிலோ. வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு 250 × 44 = 11 கிலோ. 14-உம் 11-உம் சேர்ந்து 25 ஆகிறது. காளவாயிலிருந்து எடுக்கும் சுண்ணாம்பு, உள்ளே போட்ட கிளிஞ்சலைவிடக் கையில் இலேசாக இருப்பதற்குக் காரணம் புகையோடு போய்விட்ட அந்த 11 கிலோதான்.

சுட்ட சுண்ணாம்பில் நீரை ஊற்றினால் அது சீறிக் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாக மாறுகிறது. 250 மோல் கால்சியம் ஆக்சைடுக்கு 250 மோல் நீர் தேவை, அதாவது 4.5 கிலோ. கிடைப்பது 18.5 கிலோ. நடைமுறையில் இதைவிட அதிகமாகவே நீர் ஊற்றுவார்கள். ஒரு பகுதி அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும், குழைவாக இருக்கவும் நீர் வேண்டும். கணக்கு தருவது வினைக்குத் தேவையான குறைந்தபட்ச அளவை மட்டுமே.

விகிதம் 1-க்கு 1 ஆக உள்ள கணக்குகளோடு நிறுத்திவிட்டால், இரண்டாம் அடி இருப்பதே மறந்துபோகும். ஆகவே உடனே அடுத்த கணக்குக்குப் போவோம். வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. அது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது என்றாலும், கணக்கின் எளிமைக்காக முழுவதும் பியூட்டேன் என்று கொள்வோம். அது முழுமையாக எரியும்போது:

2 மோல் பியூட்டேன் + 13 மோல் ஆக்சிஜன் → 8 மோல் கார்பன் டை ஆக்சைடு + 10 மோல் நீர்

பியூட்டேனில் நான்கு கார்பனும் பத்து ஹைட்ரஜனும் உள்ளன. மோலார் நிறை 58. எனவே 14,200 ÷ 58 = 244.83 மோல். 2 மோல் பியூட்டேனுக்கு 8 மோல் கார்பன் டை ஆக்சைடு, அதாவது நான்கு மடங்கு, 979.3 மோல். அதை 44-ஆல் பெருக்கினால் 43,090 கிராம். ஒரு சிலிண்டர் தீரும்போது அடுப்படியிலிருந்து 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறியிருக்கிறது. 14 கிலோ வாயுவிலிருந்து 43 கிலோ எப்படி வரும் என்று மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். எரிவதற்குக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட ஆக்சிஜனை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதையும் போட்டுப் பாருங்கள்: ஆக்சிஜன் 1591.4 மோல், 50.9 கிலோ, நீர் 1224.1 மோல், 22.0 கிலோ. இடப்பக்கம் 14.2 + 50.9 = 65.1. வலப்பக்கம் 43.1 + 22.0 = 65.1. மோல்களைக் கூட்டிப் பார்த்தால் 15-க்கு 18 என்று பக்கங்கள் ஒத்துவராது. ஒத்துவர வேண்டிய கட்டாயமும் இல்லை. நிறை மட்டும் கட்டாயம் ஒத்துவர வேண்டும். விடைத்தாளைக் கொடுப்பதற்கு முன் இந்தக் கூட்டலைச் செய்து பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகும். அது பிடித்துக்கொடுக்கும் பிழைகள் ஏராளம்.

சமன்பாடு சமன் செய்யப்படாமல் இருந்தால் இதெல்லாம் வீண் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேள்வியில் கொடுத்திருக்கும் சமன்பாட்டையும் நம்பாமல், இருபுறமும் அணுக்களை எண்ணிவிட்டே தொடங்க வேண்டும்.

பந்தியில் எது முதலில் தீரும்?

இரண்டு வினைபடுபொருள்களின் அளவும் கேள்வியில் கொடுக்கப்பட்டிருந்தால், அது வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருள், பற்றிய கேள்வி என்று உடனே அறிந்துகொள்ளலாம். கல்யாணப் பந்தியில் ஓர் இலைக்கு இரண்டு வடை வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. கையில் 50 இலைகளும் 80 வடைகளும் இருக்கின்றன. எத்தனை பேருக்கு ஒழுங்காகப் பரிமாற முடியும்? நாற்பது பேருக்கு. எண்ணிக்கையில் வடைதான் அதிகம். ஆனாலும் முதலில் தீர்வது வடைதான். பத்து இலைகள் மீந்துபோகும். "எது குறைவாக இருக்கிறதோ அதுவே கட்டுப்படுத்தும்" என்று குறிப்பேடுகளில் எழுதிக்கொடுக்கும் வாசகம் எவ்வளவு தவறானது என்பதை இந்தப் பந்தி காட்டிவிடும். ஒவ்வொரு பொருளின் மோலையும் சமன்பாட்டில் அதற்கு முன்னால் உள்ள எண்ணால் வகுத்து, கிடைக்கும் ஈவுகளில் எது சிறியதோ அதுவே கட்டுப்படுத்தும் பொருள். இங்கே 50 ÷ 1 = 50, 80 ÷ 2 = 40.

இதையே அம்மோனியாவுக்குப் போடுவோம். 1 மோல் நைட்ரஜனும் 3 மோல் ஹைட்ரஜனும் சேர்ந்து 2 மோல் அம்மோனியா ஆகும். 56 கிராம் நைட்ரஜனும் 10 கிராம் ஹைட்ரஜனும் இருந்தால், நைட்ரஜன் 56 ÷ 28 = 2 மோல்; ஹைட்ரஜன் 10 ÷ 2 = 5 மோல். எண்களால் வகுத்தால் நைட்ரஜனுக்கு 2, ஹைட்ரஜனுக்கு 1.67. ஆகவே முதலில் தீர்வது ஹைட்ரஜன். இனி நைட்ரஜனின் அளவை மறந்துவிட்டு ஹைட்ரஜனிலிருந்தே அம்புக்குறியைத் தாண்ட வேண்டும்: 5 × 2 ÷ 3 = 3.33 மோல் அம்மோனியா. 17-ஆல் பெருக்கினால் 56.7 கிராம். செலவான நைட்ரஜன் 1.67 மோல், மீந்தது 0.33 மோல், அதாவது 9.3 கிராம். 56.7-ஐயும் 9.3-ஐயும் கூட்டினால் தொடக்கத்தில் இருந்த 66 கிராம் வந்துவிடுகிறது. நடுவில் 3.33-ஐ 3.3 என்று சுருக்கியிருந்தால் விடை 56.1 ஆகிக் கூட்டல் இடறியிருக்கும். கடைசி வரியில் மட்டும் சுருக்குங்கள். உண்மையான தொழிற்சாலையில் இந்த வினை முழுவதும் நடந்து முடிவதில்லை, வினைபுரியாத வாயுக்களைத் திரும்பத் திரும்பச் செலுத்துகிறார்கள் என்பது வேறொரு பாடம்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் சமையலறைக்குப் போகலாம். சமையல் சோடாவும் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமும் 1-க்கு 1 என்ற மோல் விகிதத்தில் வினைபுரிந்து, ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடைத் தருகின்றன. 4.2 கிராம் சோடாவை ஓர் அகலமான கண்ணாடிக் குவளையில் இட்டால் அது 4.2 ÷ 84 = 0.05 மோல். வினிகர் புட்டியின் சீட்டில் 4 சதவீதம் என்று இருந்தால், 50 மில்லி லிட்டரில் சுமார் 2 கிராம் அமிலம், அதாவது 2 ÷ 60 = 0.033 மோல். அதை மெல்ல ஊற்றினால் நுரைத்து அடங்கும். குவளையில் இன்னும் 0.017 மோல் சோடா, ஏறத்தாழ 1.4 கிராம், காத்திருக்கிறது என்று கணக்கு சொல்கிறது. அதற்குத் தேவையான அமிலம் 1 கிராம். வினிகரில் 25 மில்லி லிட்டர். இப்போது மருந்து அளக்கும் மூடியால் ஐந்து ஐந்து மில்லி லிட்டராக ஊற்றிக் கிளறுங்கள். முதல் நான்கைந்து முறை நுரை வரும். 25 மில்லி லிட்டரைக் கடந்த பிறகு நுரை வராது. வீட்டுத் தராசின் துல்லியத்தைப் பொறுத்து ஒரு மூடி முன்னே பின்னே ஆகலாம். வாயு அழுத்தம் சேராதபடி பாத்திரத்தை மூடாமல் வைத்துச் செய்ய வேண்டும்.

வெளிவரும் வாயுவின் பருமனைக் கேட்டால், எந்த வெப்பநிலை, எந்த அழுத்தம் என்பதைப் பார்க்காமல் 22.4-ஆல் பெருக்கிவிடக் கூடாது. 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில் மட்டுமே. அழுத்தத்தை 1 பார் என்று கொண்டால் அது 22.7 லிட்டர். நம் ஊரின் 30 டிகிரி வெயிலில் ஒரு மோல் வாயு ஏறத்தாழ 25 லிட்டர் இடத்தை அடைக்கும்.

தூய்மை முன்னே, விளைச்சல் பின்னே

கணக்கில் சதவீதம் வந்தால், அதை எந்த இடத்தில் பயன்படுத்துவது என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். தூய்மைச் சதவீதம் வினைபடுபொருளைப் பற்றியது; அதை அம்புக்குறியைத் தாண்டுவதற்கு முன்பே கழித்துவிட வேண்டும். விளைச்சல் சதவீதம் விளைபொருளைப் பற்றியது. அதைத் தாண்டிய பிறகு, கடைசியில் போட வேண்டும். 100 கிலோ சுண்ணாம்புக்கல் 90 சதவீதம் தூய்மையானது என்றால், வினைக்கு வருவது 90 கிலோ மட்டுமே, அதிலிருந்து 50.4 கிலோ கால்சியம் ஆக்சைடு கிடைக்க வேண்டும். உண்மையில் 45 கிலோதான் கிடைத்தது என்றால், விளைச்சல் 45 ÷ 50.4, அதாவது 89.3 சதவீதம். நூறைத் தாண்டிய விளைச்சல் வந்தால், பொருள் ஈரமாக இருக்கிறது அல்லது கணக்கு தவறாக இருக்கிறது, பெரும்பாலும் இரண்டாவதுதான்.

பழகும்போது ஒரே நாளில் முப்பது கணக்குகளைப் போட்டுத் தள்ளுவதைவிட, ஒரே கணக்கை மூன்று விதமாகத் திருப்பிப் போடுவது பலன் தரும். சிலிண்டர் கணக்கையே எடுத்துக்கொண்டு, 22 கிலோ நீர் உண்டாக எவ்வளவு பியூட்டேன் எரிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கேளுங்கள். பிறகு 40 கிலோ ஆக்சிஜன்தான் இருந்தது என்றால் எது முதலில் தீரும் என்று கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் பொருளின் பெயரையும் எழுதுங்கள். "250 மோல்" என்று எழுதினால் போதாது, "250 மோல் கால்சியம் ஆக்சைடு" என்று எழுத வேண்டும். கை வலிக்கிறது என்று குறைபட்டுக்கொண்டே எழுதியவர்கள்தான் என் வகுப்பில் தேர்வில் பிழையில்லாமல் போட்டார்கள்.

சொந்தமாகப் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு: சுவரில் பூசிய நீற்றுச் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது, கூடவே நீரும் உண்டாகிறது, எல்லாமே 1-க்கு 1 விகிதம். ஒரு சுவரில் 37 கிலோ கால்சியம் ஹைட்ராக்சைடு இருந்தால், அது முழுவதும் இறுகும்போது காற்றிலிருந்து எவ்வளவு வாயுவை எடுத்துக்கொள்ளும், எவ்வளவு நீரை வெளிவிடும், சுவரில் எவ்வளவு கால்சியம் கார்பனேட் இருக்கும்? விடைகள் 22 கிலோ, 9 கிலோ, 50 கிலோ.